வரைந்தபடி துணி நிற்கவில்லை: இறுதியாண்டுத் தொகுப்புக்கு யோசனை வேண்டும்

முடிச்சுக்காரி | ஜனவரி 9, இரவு 11.40

வணக்கம். சென்னையில் ஆடை வடிவமைப்பு இறுதியாண்டு படிக்கிறேன். மார்ச் இரண்டாம் வாரத்தில் ஆறு உடைகள் கொண்ட தொகுப்பை நடுவர்கள் முன் வைக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது மதுரைச் சுங்குடி, சின்னப் புள்ளிகள் போட்ட மெல்லிய பருத்திப் புடவைத் துணி. என் அம்மாச்சி திண்டுக்கல் பக்கம். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் சுங்குடி தவிர வேறு புடவை கட்டி நான் பார்த்ததில்லை.

வரைந்தவை எல்லாம் விறைப்பான உருவங்கள். தோள் தனியே தூக்கி நிற்கும் மேற்சட்டை, விசிறி மடிப்புப் பாவாடை, முன்பக்கம் பலகை போல விழும் நீள அங்கி. வழிகாட்டி ஆசிரியர் ஒரே பார்வையில் சரி என்றார். காடாத் துணியில் மாதிரி தைத்துப் பொம்மைமேல் போட்டேன், வரைந்தது வரைந்தபடி நின்றது. அந்தத் துணிச்சலில் அசல் சுங்குடியை வெட்டினேன். இப்போது தோள் நனைந்த அப்பளம் மாதிரி தொங்குகிறது. விசிறி மடிப்பு அரை மணி நேரத்தில் அவிழ்ந்து வெறும் சுருக்கமாகிவிடுகிறது.

கையில் இருந்தது 40,000 ரூபாய். 11,500 போய்விட்டது. உள்ளே முழுக்கக் கேன்வாஸ் (காலருக்குள் விறைப்புக்கு வைக்கும் துணி) ஒட்டிவிடு என்கிறாள் தோழி. துணியை மாற்றுவதா, ஓவியத்தை மாற்றுவதா? தூக்கம் வரவில்லை.

பழைய கத்தரி | ஜனவரி 10, காலை 6.15

அம்மா, முதலில் ஒன்று சொல். எந்தக் காடா வாங்கினாய்? விலை குறைவாக இருக்கிறதே என்று கோடவுன் தெருவில் தடித்த காடாவை அள்ளிக்கொண்டு வந்திருப்பாய். அது இருபதாம் நம்பர் நூல். சுங்குடி நெய்வது எண்பது, நூறாம் நம்பர் நூலில். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். சாக்கில் மாதிரி தைத்துப் பார்த்துவிட்டு மல் துணி ஏன் அப்படி நிற்கவில்லை என்று கேட்பது போல இருக்கிறது உன் கேள்வி.

மாதிரி தைக்கும் துணி அசல் துணியின் எடையில் இருக்க வேண்டும். மெல்லிய மல் துணி வாங்கிக்கொள், அல்லது வீட்டில் கிழிந்த சுங்குடி இருந்தால் அதையே வெட்டு. 38 வருடமாக வெட்டு மேசையில் நிற்கிறேன். பாதிப் பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று, வெட்டும் முன் துணிக்குத் தண்ணீர் காட்டினாயா?

முடிச்சுக்காரி | ஜனவரி 10, காலை 8.02

இல்லை ஐயா. கடையில் வாங்கியபோது மொடமொடவென்று நன்றாக நின்றது. அப்படியே வெட்டிவிட்டேன். தைத்து முடித்த பிறகு சாயம் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு முறை அலசினேன். அதற்குப் பிறகுதான் இந்த நிலை.

பழைய கத்தரி | ஜனவரி 10, காலை 8.10

அப்படியானால் நீ வரைந்தது துணியை அல்ல அம்மா. கஞ்சியை வரைந்திருக்கிறாய்.

மழைக்கோட்டு | ஜனவரி 10, பகல் 1.30

மேலே ஐயா சொன்னதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் தனியாகச் சிரித்தேன். நான் லண்டனில் படித்தவள். எங்களுக்கும் இதே கதைதான், அங்கே கஞ்சிக்குப் பதில் கம்பளி.

ஓவியத்தை வேத வாக்காக எடுத்துக்கொள்ளாதே. வடிவமைப்பாளர் ஹுசைன் சலாயன் 1993இல் தன் பட்டத் தொகுப்புக்குப் பட்டுத் துணிகளை இரும்புத் தூளோடு தோட்டத்து மண்ணில் புதைத்து வைத்து, பிறகு தோண்டி எடுத்தார். மண்ணும் துருவும் எந்த நிறத்தைத் தந்தனவோ அதுதான் அவருடைய நிறம். அதை முன்கூட்டியே வண்ணப் பென்சிலால் வரைந்திருக்க முடியுமா? ஜான் கலியானோ 1984இல் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து உடைகளை வைத்துச் செய்த தொகுப்பை பிரவுன்ஸ் என்ற கடை அப்படியே வாங்கித் தன் கண்ணாடி அலமாரியில் வைத்தது. மாணவத் தொகுப்பு ஒன்றுதான். அதன் பிறகு அவருக்கு வேறு வாழ்க்கை.

துணி சேதமாகாமல் இருக்க ஒரு வழி உண்டு. மாதலேன் வியோனே பாரிஸில் சின்ன மரப்பொம்மைமேல் துணியைச் சுற்றிப் பார்த்துத்தான் தன் உடைகளை உருவாக்கினார். துணியைக் கோணலாகத் திருப்பி வெட்டும் குறுக்கு வெட்டில் அவரை மிஞ்ச இன்றுவரை ஆளில்லை. பாதி அளவுப் பொம்மை கிடைத்தால் கால் பங்குத் துணி போதும்.

பின்னலாடை ஊர் | ஜனவரி 10, மாலை 7.45

லண்டன் கதைகள் கேட்க இனிமையாகத்தான் இருக்கின்றன. அந்தக் கண்ணாடி அலமாரி நம் பிள்ளைகளுக்கு எங்கே இருக்கிறது? நான் திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கிறேன். வருடா வருடம் வேலை கேட்டு வருபவர்களின் கோப்பைப் புரட்டுகிறேன். ஆறு உடையும் ஆறு தேர் மாதிரி இருக்கும். இந்த மேற்சட்டைக்கு எத்தனை மீட்டர் துணி என்று கேட்டால் விழிப்பார்கள். தையலுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்றால், தையல்காரரைக் கேட்க வேண்டும் என்பார்கள்.

முடிச்சுக்காரி, நீ செய்ய வேண்டியது எளிது. ஆறில் நான்கை மனிதர்கள் அணிகிற மாதிரி மாற்று. சுங்குடி தொங்கும் துணி, தொங்கட்டும். அளவுத் தாள், துணிக் கணக்கு, செலவுக் கணக்கு மூன்றையும் ஒவ்வொரு உடைக்கும் எழுது. மற்ற இரண்டில் உன் விசிறியை வைத்துக்கொள். கேன்வாஸ் முழுக்க ஒட்டாதே. மெல்லிய பருத்தியில் பசை ஒட்டினால் ஒரே அலசலில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும்.

மழைக்கோட்டு | ஜனவரி 10, இரவு 9.20

அலமாரி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியது என் தவறு. அலெக்சாண்டர் மெக்வீன் 1992இல் செய்த தொகுப்பை ஃபேஷன் இதழாளர் இசபெல்லா புளோ 5,000 பவுண்டுக்கு வாங்கினார், அதுவும் வாரம் 100 பவுண்டு என்று தவணையில். மெக்வீன் வசதியான வீட்டுப் பிள்ளையும் அல்ல, டாக்சி ஓட்டுநர் மகன். அவருக்குக் கை கொடுத்தது சாவில் ரோ தையற்கடைகளில் பதினாறு வயதிலிருந்து கற்ற வெட்டு. அந்த வகையில் நான் பழைய கத்தரி ஐயாவின் கட்சிதான்.

விடுதிப் பெண்ணின் தாய் | ஜனவரி 11, காலை 10.05

நான் தைக்கத் தெரிந்தவள் அல்ல. என் மகளும் இதே படிப்பில் கடைசி ஆண்டு, வேறு கல்லூரி. கல்லூரிக் கட்டணம் தனி, இந்தத் தொகுப்புக்குத் துணி தனி, நடந்து காட்டும் பெண்களுக்குத் தனி, ஒப்பனைக்குத் தனி, படம் எடுப்பவருக்குத் தனி. நகையை அடகு வைத்தது அவளுக்குத் தெரியாது. கடைசியில் பார்த்தால் தைத்துக் கொடுப்பது தெருமுனைத் தையல்காரர். அப்படியென்றால் நான்கு வருடம் இவள் கற்றது என்ன? கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

பழைய கத்தரி | ஜனவரி 11, காலை 11.50

அம்மா, அந்தத் தெருமுனைத் தையல்காரன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி பிறந்தால் என் கடைக்குப் பிள்ளைகள் வருவார்கள். கைப்பேசியில் ஓவியத்தைக் காட்டி, ‘மாஸ்டர், வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா’ என்பார்கள். நான் தைத்துக் கொடுத்துவிடுவேன், வயிறு இருக்கிறதே. ஆனால் நான் தைத்தால் அது என் சட்டையாகத்தான் வரும். கழுத்துச் சரிவும் கைக்குழி வளைவும் என் கைப்பழக்கத்தில்தான் விழும். ஐந்து பிள்ளைகள் என்னிடம் தைத்தால் ஐந்து தொகுப்பிலும் ஒரே தோள் இருக்கும். நடுவர்களுக்கு அது தெரிவதில்லை என்பது என் ஆச்சரியம்.

மூன்று வருடம் முன்பு ஒரு பெண் வந்தாள். தைத்துக் கொடுக்க வேண்டாம், பக்கத்து மிஷினில் உட்கார இடம் மட்டும் கொடுங்கள் என்றாள். நாள் வாடகை 200 ரூபாய் பேசினோம். முதல் நாள் ஒரே காலரை ஏழு தடவை பிரித்தாள். நான்காம் நாள் அவள் காலர் நுனி என்னுடையதைவிடக் கூர்மையாக இருந்தது. வாடகையைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டாள். காஜா மட்டும் என்னிடம் எடுத்துக்கொண்டாள்.

உங்கள் மகளை அப்படி யாரிடமாவது உட்காரச் சொல்லுங்கள். செலவு பாதியாகும்.

நடுவர் நாற்காலி | ஜனவரி 11, பிற்பகல் 3.15

சில கல்லூரிகளுக்கு நடுவராகப் போயிருப்பதால் மாஸ்டருக்கு ஒரு பதில். தெரிகிறது. சொல்வதில்லை, அவ்வளவுதான். ஒரு காலையில் முப்பது பேர். ஒருவருக்குப் பத்து நிமிடம். அதற்குள் உள்தையலைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்குண்டு. பிசிறு வெட்டாமல், ஓரம் அடிக்காமல், மேலே மட்டும் மினுக்கி வைத்திருந்தால் மனம் அங்கேயே இறங்கிவிடும்.

முடிச்சுக்காரிக்கு ஒரு வார்த்தை. கெட்டுப்போன அந்த மேற்சட்டையைத் தூக்கி எறியாதே. அது ஏன் கெட்டது என்று எழுதி, உடையோடு சேர்த்து மேசையில் வை.

சாயத்தொட்டி | ஜனவரி 12, இரவு 10.30

மதுரையில் சுங்குடி செய்யும் சௌராஷ்டிரக் குடும்பம் எங்களுடையது. இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள், முதலில் கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை. அந்தத் துணி கட்டுச் சுங்குடியா, அச்சுச் சுங்குடியா?

இன்று கடையில் சுங்குடி என்று அடுக்கியிருப்பதில் பெரும்பாலானவை மெழுகு அச்சு வைத்துச் சாயத்தில் முக்கி எடுத்தவை. அது தவறான சரக்கு என்று சொல்ல மாட்டேன், அதுவும் எங்கள் ஆட்கள் வேலைதான். ஆனால் கட்டுச் சுங்குடி வேறு. துணியில் புள்ளி குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நகநுனியால் கிள்ளி எடுத்து நூலால் சுற்றி இறுக்க வேண்டும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. பெரும்பாலும் பெண்கள், வீட்டு வேலைக்கு நடுவே செய்வது. சாயம் போட்டு அலசிக் காய்ந்தபின் இரண்டு பேர் எதிரெதிரே நின்று துணியை இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறிக்கும். என் பாட்டி அந்தச் சத்தத்தைப் பொரி பொரிவது என்பார்.

முடிச்சு அவிழ்ந்த இடத்தில் புள்ளி முழு வட்டமாக இருக்காது. நடுவில் ஒரு பொட்டுச் சாயம் ஏறியிருக்கும், துணி சற்றே புடைத்திருக்கும். விரல் நுனியால் தடவினால் தெரியும். அச்சில் அது வராது. நீ பெயரே முடிச்சுக்காரி என்று வைத்திருக்கிறாய். ஒரு முடிச்சாவது கட்டிப் பார்த்தாயா மகளே?

2005இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் எங்கள் தெருவுக்கு அதிகம் வருகிறார்கள், மகிழ்ச்சிதான். வந்து படம் எடுத்துக்கொண்டு, மூன்று நாளில் ஆறு மீட்டர் கிடைக்குமா என்கிறார்கள். கட்டவே பத்து நாளுக்கு மேல் ஆகும். இடையில் மழை வந்தால் துணி காய்வது தள்ளிப்போகும். தொகுப்புப் புத்தகத்தில் ‘பாரம்பரியக் கைவினைஞர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி போடுகிறார்கள். தைத்துக் கொடுத்தவர் பெயர் இருக்கும், படம் எடுத்தவர் பெயர் இருக்கும். கட்டியவள் பெயர் இருக்காது.

முடிச்சுக்காரி | ஜனவரி 12, இரவு 11.55

வெட்கமாக இருக்கிறது. என்னுடையது அச்சு. கடைக்காரர் கட்டு என்றுதான் சொன்னார். இப்போது விளக்கின் கீழே வைத்து, நீங்கள் சொன்னபடி தடவிப் பார்த்தேன். வழவழவென்றுதான் இருக்கிறது.

பின்னலாடை ஊர் | ஜனவரி 13, காலை 7.30

இனி கட்டுத் துணிக்குப் போக நேரமும் இல்லை, பணமும் இல்லை. அச்சு என்று நேர்மையாக எழுதி அதிலேயே முடி. எட்டு வாரம்தான் இருக்கிறது.

சாயத்தொட்டி | ஜனவரி 13, காலை 9.00

அதுவும் சரிதான். முழுத் தொகுப்புக்கும் கட்டு வேண்டாம். ஒரே ஒரு உடைக்கு இரண்டரை மீட்டர் போதும் என்றால், பொங்கல் முடிந்து நேரில் வா. நீயே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மூலையைக் கட்ட வேண்டும். அந்த மூலை கோணலாகத்தான் வரும். அதை மறைக்கக் கூடாது.

முடிச்சுக்காரி | ஜனவரி 27, இரவு 10.10

பொங்கலுக்கு ஊருக்குப் போய், அங்கிருந்து மதுரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் அம்மாச்சியிடம் மேற்சட்டைத் தோள் தொங்கிப்போன கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: ‘கஞ்சி போட்டியா?’ பிறகு காட்டினார். சோறு வடித்த கஞ்சியில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு, துணியில் வடிகட்டி, புடவையை உள்ளே முக்கி, பிழியாமல் எடுத்து, இரண்டு ஓரத்தையும் இழுத்துக் கொடியில் விரித்தார். முக்கால் காய்ச்சலில் எடுத்து மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். காலையில் கட்டும்போது கொசுவம் ஒவ்வொன்றும் தாழை மடல் மாதிரி நின்றது. நான் பார்த்தே வளர்ந்த விறைப்பு அதுதான். மதியம் சமையலறையில் வியர்வையும் ஆவியும் பட்டு இடுப்பில் தளர்ந்தது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தபோது துணி மடியில் தண்ணீர் மாதிரி கிடந்தது. ஒரே புடவை, ஒரே நாள்.

திரும்பி வந்து நாலு துண்டு வெட்டிச் சோதித்தேன். சோற்றுக் கஞ்சி நன்றாக நின்றது, ஆனால் கருநீலத்தில் மடித்த இடமெல்லாம் வெள்ளை பூத்தது. ஜவ்வரிசிக் கஞ்சி தெளிவாக இருந்தது, வெள்ளை பூக்கவில்லை, மடிப்பு இரண்டு நாள் தாங்கியது. கேன்வாஸ் ஒட்டியது அட்டை போல ஆனது, புள்ளி செத்துப்போயிற்று. நாலாவது துண்டு வெறுமனே அலசியது.

ஆகவே புதிய வரிசை இது. ஆறு உடைகளும் ஒரே நாள். முதல் உடையில் முழுக் கஞ்சி, தோளும் விசிறியும் என் பழைய ஓவியம்தான். அடுத்தடுத்த உடைகளில் கஞ்சியின் கெட்டி குறைந்துகொண்டே போகும், வெட்டும் அதற்கேற்ப அகலும். ஆறாவதில் கஞ்சியே இல்லை, தையலும் மிகக் குறைவு. அந்த ஆறாவது மட்டும் கட்டுச் சுங்குடி. மூலையில் 43 முடிச்சு நான் கட்டியது. நாலு மணி நேரம் ஆனது, நகம் போய்விட்டது. பக்கத்தில் இருந்த அக்கா அதே நேரத்தில் கட்டியதை எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் பெயரைப் போட அனுமதி கேட்டேன். இனிஷியலோடு போடு என்றார்.

நடுவர் நாற்காலி | ஜனவரி 28, காலை 9.40

இது தொகுப்பு. முன்பு வைத்திருந்தது ஆறு ஓவியம்.

பின்னலாடை ஊர் | ஜனவரி 28, காலை 10.15

அழகுதான், மறுக்கவில்லை. கஞ்சி போட்ட உடையை யார் வாங்குவார்கள்? ஒரு அலசலில் உன் வடிவமைப்பு வாய்க்காலில் போய்விடும். ஆனால் நாலு, ஐந்து, ஆறு மூன்றும் விற்கும். அவற்றுக்கு அளவுத் தாள் எழுதி எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

மழைக்கோட்டு | ஜனவரி 28, பகல் 2.00

போய்விடுவதுதானே அதன் அழகு! சலாயனின் துரு நினைவுக்கு வந்தது. சரி, இதற்கு மேல் சொன்னால் திருப்பூர்க்காரர் சண்டைக்கு வருவார்.

பழைய கத்தரி | ஜனவரி 28, இரவு 8.30

வேலைக்கு வருவோம். முதலில் எல்லாத் துணிக்கும் தண்ணீர் காட்டு, இரவு முழுக்க ஊறட்டும். நிழலில் காய வை. பிறகு வெட்டு, தை. கஞ்சி கடைசியில்தான். கஞ்சித் துணியில் தைத்துவிட்டு அலசினால் தையல் வரி முழுக்கச் சுருக்கு விழும். விசிறி மடிப்புக்கு ஒவ்வொரு மடிப்பையும் நூலோட்டிக் கட்டி, ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடு, காய்ந்தபின் நூலை உருவு. மிஷின் ஊசி பதினொன்றாம் நம்பருக்கு மேல் போகாதே.

நடுவர் முன் வைக்கும் நாளுக்கு முந்தைய மாலையில் கஞ்சி போடு, ஒரு வாரம் முன்பு போடாதே. சென்னைக் கடல் காற்று மூன்றே நாளில் உன் முதல் உடையை மூன்றாவது உடையாக்கிவிடும்.

முடிச்சுக்காரி | மார்ச் 6, இரவு 9.15

ஐந்து உடைகள் முடிந்துவிட்டன. செலவு 37,200. ஒரே ஒரு சிக்கல். சோதனைக்காக மூன்றாவது உடைக்கு முன்பே கஞ்சி போட்டு விடுதி அலமாரியில் தொங்கவிட்டிருந்தேன். இன்று எடுத்தால் உடையின் இடது கைப்பகுதியில் மிளகளவு துளை.

விடுதிப் பெண்ணின் தாய் | மார்ச் 6, இரவு 9.22

கரப்பான்! கஞ்சி போட்ட துணியை அது விடாது அம்மா. மற்றவற்றை உடனே வெளியே எடு. அலமாரியில் வசம்பைத் துணியில் முடிந்து போடு, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். என் மகளுக்கும் இப்போதே சொல்கிறேன். அவள் ஒரு மாஸ்டர் கடையில் உட்கார்ந்து மூன்றாவது உடையைத் தானே தைத்துக்கொண்டிருக்கிறாள்.

பழைய கத்தரி | மார்ச் 6, இரவு 9.30

துளை புள்ளியின் மேலா, பக்கத்திலா?

முடிச்சுக்காரி | மார்ச் 6, இரவு 9.31

பக்கத்தில். சாயம் ஏறிய இடம்.

பழைய கத்தரி | மார்ச் 6, இரவு 9.34

அப்படியானால் பிழைத்தாய். வெட்டிய துண்டுகளை எறியாமல் வைத்திருக்கிறாயா? அதே துணியின் ஓரத்திலிருந்து பாவு நூல் நாலு இழை, ஊடை நூல் நாலு இழை உருவு. அந்தக் கைப்பகுதியை முதலில் அலசிக் கஞ்சியை எடுத்துவிடு. நாளை காலை பத்து மணிக்குக் கடை திறந்திருக்கும், கொண்டு வா. துளையில் இழையை நான் ஓட்டிக் காட்டுகிறேன், நீ ஓட்டு.